ஒரு புள்ளி மிச்சம்

பெர்னிஸ் 3A பொத்தானைத்தான் அழுத்தினாள். லிஃப்ட் கதவுக்கு மேலிருந்த சிவப்பு எண் 3-ஐக் காட்டியது. பிறகு 4-ஐக் காட்டி நின்றது.

இந்தப் பேரங்காடியில் 4 கிடையாது. சீனர் பேச்சில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஓசை என்பதால் 3-க்குப் பிறகு 3A, அப்புறம் 5. "நம்பரைத் தூக்கிட்டா சாவு வராதாம்," என்று அவள் கணவர் ரேமண்ட் சிரித்திருக்கிறார். அந்த 3A-வில்தான் அவர் ஏழு மாதம் சாரத்தில் நின்று, படத்தில் மட்டுமே பார்த்த சிகாகோ நகரத் தெரு ஒன்றைச் சுவர் முழுக்க வரைந்தார்; செங்கல் மாடிகள், இரும்புப் படிகள், வரிசை வரிசையாக மூடிய ஜன்னல்கள். முடிக்க இரண்டு நாள் இருக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்தார்.

நாளைக்கு அந்தச் சுவரைப் பலகையடித்து மூடுகிறார்கள். காலணிக் கடை வருகிறது. மூன்று வருடமாக அவர் பெயரை அதில் எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டாள். "பேர் இருந்தா விபத்தும் ஞாபகம் வரும், ஆன்டி," என்றது நிர்வாகம். அதனால் இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து சிவப்புப் பெயிண்ட்டையும் அவருடைய தூரிகையையும் கைப்பையில் போட்டுக்கொண்டு அவளே வந்துவிட்டாள்.

கீழே வாசலில் ஜாகாவாகக் காவலுக்கு நிற்கும் திருச்செல்வம், "பத்து மணிக்குக் கடையெல்லாம் தெறந்திடும் லா. சட்டுனு எழுதிட்டு வந்திடுங்க. நான் எதையும் பாக்கல," என்று கண்ணடித்திருந்தான்.

கதவு திறந்தது. சுவரில் அதே தெருதான். ஆனால் எதிரே இருக்கவேண்டிய கடைகள் இல்லை, கம்பித் தடுப்பும் இல்லை. எப்போதோ காய்ந்துபோன சுவரிலிருந்து ஈரப் பெயிண்டும் டர்பன்டைனும் கலந்த வாடை, அவர் சட்டையைத் துவைக்கும்போது வருமே அதே வாடை, வந்து தொண்டையில் இறங்க, எங்கோ உயரத்தில் சாரக் கம்பி ஒன்று காற்றே இல்லாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. திருச்செல்வம்.

"ஆன்டி, எங்க இருக்கீங்க? 3A-ல ஆளைக் காணோமே."

"சுவருக்கு முன்னாடிதான் தம்பி நிக்கிறேன்."

"நானும் சுவருக்கு முன்னாடிதான் நிக்கிறேன்."

லிஃப்ட் கதவு இன்னும் திறந்தே இருந்தது. போய்விடலாம்.

"பேர் எழுதாம வரமாட்டேன்," என்று போனை வைத்தாள்.

ஜன்னல் ஒன்றின் கீழே தூரிகையை வைத்தாள். விளம்பரப் பலகை எழுதிய காலத்திலிருந்தே அவர் வழக்கம் அது: எழுத்தெல்லாம் முதலில், புள்ளியெல்லாம் கடைசியில், அதுவும் விரல் நுனியால். "கடைசிப் புள்ளி விழுந்தாத்தான் ஆள் சுவருக்குள்ள வந்த மாதிரி," என்பார். அவளும் அப்படியே எழுதினாள்.

ரேமணட.

விரலைப் பெயிண்ட்டில் தோய்த்தாள்.

ஜன்னல் திறந்தது.

ஒரு கை. ஈரம். செங்கல் நிறம். ண மேல் ஒரு புள்ளி. ட மேல் ஒரு புள்ளி.

"நீங்கதானா?"

அந்தக் கையின் விரல் பக்கத்தில் நகர்ந்தது. எழுதியது. அவசரமே இல்லாமல்.

பெரனிஸ.

பின்னால் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

ர மேல் புள்ளி விழுந்தது.

ஸ மேல் இன்னும் இல்லை.

"இல்லைங்க," என்றாள். "நான் எழுத வந்தது உங்க பேரு மட்டும்தான்."

பாய்ந்து ஸ-வுக்கு மேலே புள்ளி விழ வேண்டிய இடத்தை உள்ளங்கையால் பொத்தினாள். உடல் பாரம் முழுக்க.

கை ஜன்னலுக்குள் போனது.

பிறகு, உள்ளங்கைக்கு அடியில், சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு விரல் நுனி ஈரமாக அழுத்தத் தொடங்கியது.