அடுப்படியில் எல்லைத் தூண்

தூணின் ஒரு பக்கத்தில் மட்டும் உறைபனி படிந்திருந்தது. மாவ்ரா முதலில் அதை மாவு என்றுதான் நினைத்தாள். ரொட்டிக்குப் பிசைந்த கையோடு எங்கோ சாய்ந்திருப்போம் என்று துண்டை எடுத்துத் துடைத்தாள். துண்டு நனைந்தது. அடுப்பைப் பார்த்த பக்கம் தொட்டால் சுட்டது. வாசலைப் பார்த்த பக்கத்தில் விரல் ஒட்டிக்கொண்டது. வெளியே பகல் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் அந்தப் பக்கமெல்லாம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் இருட்டிவிடும்.

அது வீட்டுக்கென்று செதுக்கிய தூண் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி, உச்சியில் மீன் செதுக்கி, காட்டுப் பாதையில் நின்றிருந்த ஸ்தாரோலூக் மாவட்டத்தின் எல்லைத் தூண். ஒரு மகாராணி காகிதத்தில் கோடு கிழித்து உண்டாக்கிய மாவட்டம் அது. அம்மா செய்ததெல்லாம் பிடிக்காத மகன் அதைக் கலைத்தான். பேரன் மறுபடி ஒட்டவைத்தான். புரட்சி வந்ததும் இரண்டு துண்டை வெட்டி அண்டை மாவட்டத்துக்குக் கொடுத்தார்கள். இந்த வருடம் கோடையில் மிச்சத்தையும் கலைத்து, புது வட்டங்களாகப் பங்கு போட்டுவிட்டார்கள். எவன் ஆண்டாலும் மாவ்ராவின் பசு அதே பாலைத்தான் கறந்தது. அவளுக்கு அந்த மாவட்டத்தில் தெரிந்ததெல்லாம் இந்தத் தூண் ஒன்றுதான்.

பட்டாளத்துக்குப் போகிற பையன்களை அம்மாக்கள் அதுவரைதான் கொண்டுவிடுவார்கள். பையன் தூணை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் போவான். திரும்பி வருகிறவன் மறுபடி தட்டினால் வீடு வந்தாயிற்று என்று அர்த்தம். அவள் மகன் அர்சேனியும் அப்படித்தான் தட்டிவிட்டுப் போனான். கிளம்பும்போது வழக்கப்படி ஒரு ரொட்டியை ஒரே ஒரு கடி கடித்து வைத்தான். மிச்சத்தை அவன் வந்துதான் தின்ன வேண்டும். அது சாமிப் படத்துக்குப் பின்னால் கல்லாகக் கிடந்தது. உள்நாட்டுச் சண்டை முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. செத்தான் என்றும் தகவல் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. அந்த நடுவில் கிடந்து அவள் தினமும் செத்தாள்.

தூண்களைப் பிடுங்கும் கூலிவேலை அவள் கொழுந்தன் கோந்திராத்துக்குத்தான் கிடைத்தது. மாவட்டமே போய்விட்டது, இனி இது விறகுதான் என்று வண்டியில் ஏற்றியவனை அவள் வழிமறித்தாள்.

"விறகுன்னா எனக்குக் குடுத்துடுப்பா. அவன் இதைத் தேடிக்கிட்டுத்தான் வருவான்."

கோந்திராத் வண்டியை அவள் வீட்டுப் பக்கம் திருப்பினான். அவனும் அதைத் தட்டிவிட்டுச் சண்டைக்குப் போய் வந்தவன். வீட்டில் விரிசல் விட்டிருந்த உத்திரத்துக்கு முட்டாக அதை நிறுத்திக் கொடுத்தான். அழுதுகொண்டிருந்தவளைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னான்: "இனிமே உங்க அடுப்படிதான் அண்ணி மாவட்ட எல்லை. அடுப்புப் பக்கம் உள்ளூரு, வாசப்பக்கம் வெளியூரு. தண்ணி எடுக்கப் போனாக்கூட ஒரு தட்டுத் தட்டிட்டுப் போங்க."

அவளும் சிரித்தாள். தூண் வீட்டில் இருந்தால் பையன் நேராக வீட்டுக்கே வந்துவிடுவான் என்று நினைத்தாள். பாவம், பெற்றவளுக்கு வேறென்ன தோன்றும்.

துடைத்த இடத்தில் உறைபனி மறுபடி படிந்திருந்தது. இந்தத் தடவை ஒரு உள்ளங்கை அகலத்துக்கு.

விளக்கை ஏற்றினாள். வெளிச்சம் தூண்வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. தூணுக்கு அப்பால் வாளியும் பெஞ்சும் கதவும் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. அங்கிருந்து ஈரக் கம்பளிக் கோட்டு நாற்றம் வந்தது. பூட்ஸுக்குப் பூசும் தார் நாற்றமும், குளிர்காலத்தில் குழி தோண்டினால் வருகிற மண் வாடையும் கூடவே வந்தன. பூனை அடுப்பின் மேலேறி முதுகைக் காட்டிச் சுருண்டுகொண்டது. கதவு திறந்த சத்தம் கேட்கவே இல்லை. பனியை மிதிக்கும் காலடிகள் மட்டும் வீட்டுக்குள்ளேயே, ரொம்ப தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தன.

தட்.

மரத்தின் மேல் உள்ளங்கை.

அவள் சாமிப் படத்துக்குப் பின்னால் கைவிட்டு ரொட்டியை எடுத்தாள். கல்லாகக் கிடந்த ரொட்டி மெத்தென்று இருந்தது. இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்ததுபோல வெதுவெதுப்பு.

தூணுக்கு அந்தப் பக்கம் அர்சேனி நின்றான். போனபோது இருந்த அதே வயசு. புருவத்தில் பனி. அது உருகவில்லை. அவன் கண் அவளைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"அர்சேனி. இங்க பாருடா. அம்மாடா."

அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி தட்டினான். குழந்தையில் காய்ச்சல் வந்தால் முனகுவானே, அந்தக் குரல்.

"எல்லை வந்துட்டேன்மா. ஊரைத்தான் காணோம்."

ஒரு கை தூரம். தூண் இருக்கிறது, அதற்குப் பின்னால் இருந்த மாவட்டம் இல்லை. அதில்தானே அவன் வீடு இருந்தது. தூணைத் தூக்கி வந்தவள் அவள்தான்.

போகாதே என்று உடம்பு சொன்னது.

போனாள். வழக்கம் தவறாமல் தூணை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் கால் வைத்தாள்.

குளிர். பனி முழங்கால் வரை. அவன் கையைப் பிடித்தாள். மரக்கட்டை. அவன் குனிந்து அவளைப் பார்த்தான். பார்த்ததும் அந்த முகம் சின்ன வயசில் அழுவதற்கு முன் கோணுவதுபோலக் கோணியது.

"வந்துட்டியாம்மா. வா, வீட்டுக்குப் போலாம்."

"இதோ இங்கதான்டா இருக்கு," என்று அவள் திரும்பினாள்.

அடுப்பு இல்லை. விளக்கு இல்லை. கறுப்பு வெள்ளைத் தூண் பனியில் தனியாக நின்றது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை.

அவன் தோளுக்குப் பின்னால் பாதை நெடுக அவர்கள் நின்றார்கள். அந்தத் தூணைத் தட்டிவிட்டுப் போய்த் திரும்பி வராத ஊர்ப் பையன்கள் எல்லாரும். கோட்டு விறைத்து, கையைத் தட்டுவதற்கு உயர்த்தியபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. ஒருவராவது வழி சொல்ல வந்தாரே என்பதுபோல.

"பசிக்குதும்மா," என்றான் அர்சேனி.

அவள் ரொட்டியை நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான். தொண்டை வரை பனி இறுகியிருந்தது. அவனைப் பார்த்து, பின்னால் நின்ற ஒவ்வொருவனும் வாயைத் திறந்தான்.