சேந்தனின் இரட்டைத் தாடை

உறைபுரியில் மனிதர்களின் நிழல் கூரையில் நடக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும் கூட்டம் தெருவில் ஒருமுறையும் தலைக்கு மேலே இன்னொரு முறையும் போய்க்கொண்டிருக்கும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தினமும் நடக்கிற அதிசயத்தை எவன் பார்ப்பான்?

வியாழனின் பனிநிலா ஒன்றுக்குள் குடைந்த ஊர் அது. கூரை முழுக்கப் பனிக்கட்டி. முதலில் குடியேறியவர்கள் பூமி வழக்கப்படி கூரையில் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். கூரை உருகி அவர்கள் தலையிலேயே கொட்டியது. அன்றோடு விளக்குகள் எல்லாம் தரைக்குள் இறங்கிவிட்டன. பால்கண்ணாடித் தளம் வழியே வெளிச்சம் கீழிருந்து எழும். அதனால் உறைபுரிக்காரர்களின் முகத்தில் பளபளப்பது தாடைதான். நெற்றி எப்போதும் அரையிருட்டு. பெண் பார்க்கப் போனால் தாடையைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள். அடம்பிடிக்கும் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டுமானால் கைவிளக்கைத் தலைக்கு மேலே பிடித்தால் போதும். மூக்கின் நிழல் உதட்டில் விழுந்ததும் பிள்ளை வீறிட்டுக்கொண்டு ஓடும்.

இந்த ஊரில்தான் அல்லியரசி தன் கணவனை அடையாளம் தெரியாமல் விழித்தாள்.

சேந்தன் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உறைபுரியில் புதைக்க இடமில்லை, எரிக்கக் காற்றில்லை. உடலை ஊர் திரும்ப எடுத்துக்கொள்ளும், தண்ணீராக, உரமாக. மிஞ்சுவது கட்டைவிரல் உயரத்தில் ஒரு நினைவுப்பாவை. உருவத்தை அச்சுப்பொறி பிசகாமல் வார்த்துவிடும். வண்ணம் தீட்டுவது பாவை வாரியத்தின் ஏகபோக உரிமை. தீட்டிய பாவையை நினைவுச்சுவரின் மாடத்தில் வைத்துவிட்டால், செத்தவன் ஊரை விட்டுப் போகவில்லை என்று பொருள்.

வாரியம் அனுப்பிய டப்பாவைத் திறந்த அல்லியரசி கேட்டாள்: "யாருடி இது?"

அவள் நாத்தனார் இசைவாணி எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, அண்ணனைத் தெரியலையா?"

"தாடை எங்கடி? நெத்தி மட்டும் கழுவி வெச்ச தட்டு மாதிரி மின்னுது. உங்கண்ணன் நெத்தியை நான் கல்யாணத்தன்னிக்குக்கூடப் பார்த்ததில்லை."

சேந்தன் உணவுக்கூட மேலாளர். தான் நடத்திய உணவுக்கூடத்துக்குத் தானே விளம்பரமாக வாழ்ந்தவன். தரை வெளிச்சத்தில் அவனுடைய இரட்டைத் தாடை இரண்டு பிறைகளாக ஒளிரும். அவன் சிரித்து முடித்த பிறகும் இரண்டாவது தாடை கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அல்லியரசி அவனைக் கட்டிக்கொண்டாள்.

வாரியத்தின் பாவையில் அந்தத் தாடை இருட்டுக்குள் போய்விட்டது. காரணம் அடிப்பூச்சு. கட்டைவிரல் அளவுப் பொம்மைக்கு ஊர் வெளிச்சம் போதாது. ஒளியையும் நிழலையும் முன்கூட்டியே பூசிவிட வேண்டும். முதலில் உடம்பு முழுக்கக் கறுப்பு. அது நிழலடி. காய்ந்ததும் ஒரே திசையிலிருந்து வெள்ளையைப் பனிபோலத் தூவுவார்கள். அது ஒளியடி. மேலே நீர்த்த வண்ணம் கொடுத்தால், வெள்ளை பட்ட இடம் வெளிச்சமாகவும் படாத இடம் நிழலாகவும் கசிந்து தெரியும். வாரியம் வெள்ளையைத் தலைக்கு மேலிருந்து தூவியிருந்தது. பூமியில் அப்படித்தானாம், மேலே சூரியன் என்று ஒன்று இருந்ததாம். வாரியத்தில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

அல்லியரசிக்குத் தொழில் பல் செய்வது. பொய்ப்பல்லுக்குச் சாயம் ஏற்றும் குட்டித் தூவியும் ஊசித் தூரிகையும் அவள் மேசையிலேயே கிடந்தன. பாவையைக் கரைப்பானில் முக்கினாள். மறுபடி கறுப்பு அடித்தாள். தலைகீழாகப் பிடித்து, காலிலிருந்து தலைப்பக்கமாக வெள்ளையைத் தூவினாள். வண்ணம் ஏற ஏற முதலில் ஒரு தாடை எழுந்தது. பிறகு இரண்டாவது.

"அண்ணா..." என்றாள் இசைவாணி.

"வந்துட்டான் பாரு, தின்னிப்பண்டாரம்," என்றாள் அல்லியரசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வாரியத் தலைவருக்கு 'பாவைப் பெருந்தகை' ஒளிவேந்தன் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துவிட்டது. அல்லியரசி கொண்டுபோன பாவையை உருப்பெருக்கியில் பார்த்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அம்மையீர், இது பேயொளி. நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர். வெளிச்சம் மேலிருந்து விழவேண்டும் என்பதில் ஆழ்ந்த அறிவியல் இருக்கிறது. மேலொளி மூளை நரம்புகளைத் தூண்டுகிறது. கீழொளி செரிமானத்தைக் கெடுக்கிறது."

"அப்ப ஊரே அஜீரணத்துல இருக்குன்னு சொல்றீங்களா?"

"மரபைச் சொல்கிறேன்."

"ஐயா, உங்க தாடையும் இப்ப ஜம்முனு மின்னுது. கண்ணாடி தரட்டுமா?"

ஒளிவேந்தனின் கை தாடைக்குப் போய், பாதியில் கௌரவம் கருதித் திரும்பியது. "மேலொளி இல்லாத பாவைக்கு மாடம் கிடையாது. உங்கள் கணவருக்குச் சுவரில் இடம் வேண்டுமா, வேண்டாமா?"

"எம் புருஷனுக்கு இடம் வேணும். அடையாளம் தெரியாத எவனோ ஒருத்தனுக்கு வேண்டாம்."

அன்று மாலையே, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, நினைவுச்சுவரில் காலியாக இருந்த மாடத்தில் சேந்தனை வைத்து ஒட்டிவிட்டாள். பொய்ப்பல் ஒட்டும் பசை. கடலை உருண்டை கடித்தாலும் அசையாதது. வாரியக் காவலர் இருவர் இழுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு நகம் பெயர்ந்தது.

மறுநாள் அந்த மாடத்தின் முன் கூட்டம். "அட, நம்ம சேந்தன்!" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் பக்கத்து மாடத்தில் இருந்த தங்கள் அப்பாவைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. அங்கே நெற்றி மின்ன நின்ற ஆளை அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் பாதி ஊர் தன் பாவையைக் கரைப்பானில் முக்கிவிட்டது. வாரியத்தின் வாசலில் ஒருவரும் இல்லை.

ஒளிவேந்தன் பெருந்தகை ஆனது சும்மா இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதைத் தன் மூச்சு என்று சொல்லத் தெரிந்தவர். ஊருக்கு அறிவித்தார்: கீழொளிதான் தொன்மையான மரபு, முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர், அதில் ஆழ்ந்த அறிவியல் இருக்கிறது. முதல் கீழொளிப் பாவையான சேந்தனுக்கு வாரியம் தனி மண்டபம் எழுப்பும்.

மாடத்தைப் பனியோடு பெயர்த்து, பாவையை விடுவித்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். திறப்பு விழாவுக்குமுன் மரியாதைக்காக அல்லியரசியை அழைத்துக் காட்டினார்கள். இசைவாணியும் கூடப் போனாள். பெட்டிக்கு நேர் மேலே, பூமியிலிருந்து தருவித்த குளிர்விளக்கு ஒன்று எரிந்தது. சுற்றிலும் சிவப்புக் கம்பளம். தரை வெளிச்சத்துக்கு வழியே இல்லை.

அல்லியரசி குனிந்து பார்த்தாள். மேலிருந்து விழுந்த வெளிச்சம் கீழிருந்து பூசிய வெளிச்சத்தைத் தின்றுவிட்டிருந்தது. இருட்டும் ஒளியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கண் மூக்கு தாடை எதுவும் இல்லாமல், பிசைந்த மாவுபோல ஒரு முகம்.

"இந்த விளக்கை அணைங்க. கம்பளத்தை எடுங்க. தரை வெளிச்சம் போதும்."

"தரையில் வெளிச்சம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அம்மையீர்," ஒளிவேந்தன் புன்னகைத்தார். "கௌரவம் மேலிருந்துதான் விழவேண்டும்."

"அப்ப கடைசியா ஒரு தடவை தொட்டுக்கறேன்."

பெட்டியைத் திறந்துவிட்டு, ஒளிவேந்தன் பொன்னாடைகளை எண்ணப் போனார். அல்லியரசி தொட்டாள். பெட்டியை மூடினாள்.

விழா பிரமாதமாக நடந்தது. குளிர்விளக்கின் கண்கூசும் வெளிச்சத்தில் பெட்டி தகதகத்தது. ஒளிவேந்தன் உருகினார்: "காணுங்கள் அந்தத் தாடையை! கல்லும் கனியும் சிரிப்பை!" கைதட்டல் கூரையை அசைத்து இரண்டு சொட்டு நீரை வரவழைத்தது. பிறகு பொதுமக்கள் வரிசை. ஒவ்வொருவரும் பெட்டிமுன் நின்று கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

வரிசையில் நின்ற இசைவாணி எட்டிப் பார்த்துவிட்டு அல்லியரசியின் காதைக் கடித்தாள். "அண்ணி, அண்ணனைக் காணோமே!"

"இடுப்புல இருக்கான். கத்தாதே."

முன்னால் நின்ற பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அச்சு அசல் சேந்தன்தான். பேசற மாதிரியே இருக்கு."

"ஐயா, பெட்டி காலி," என்றாள் அல்லியரசி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "உள்ள ஒண்ணுமில்லை. நல்லாப் பாருங்க."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. பெட்டியை அல்ல, அவளை. கழுத்தில் வாரியப் பட்டை அணிந்த தொண்டர் ஒருத்தி ஓடி வந்தாள்.

"அம்மா, இதுக்கெல்லாம் ஒரு கலைக்கண் வேணும். தெரியாதவங்க ஓரமா நில்லுங்க."

அல்லியரசி ஓரமாகப் போகவில்லை. கம்பளம் முடிகிற இடத்துக்கு நடந்தாள். இடுப்பிலிருந்து சேந்தனை எடுத்து, வரிசைக்கு நட்டநடுவே, வெறும் தரையில் நிறுத்தினாள். கீழிருந்து வெளிச்சம் எழுந்தது. இரண்டு தாடைகளும் பளிச்சென்று சிரித்தன. அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இசைவாணியும் உட்கார்ந்தாள்.

"அய்யோ, வழியில பொம்மையை வெச்சு விளையாடற இடமா இது?" தொண்டர் கையைப் பிசைந்தாள். "பெரியவங்க சாமி கும்பிட வராங்க. எடுங்கம்மா, வரிசை நிக்குது பாருங்க!"

"சுத்திப் போகச் சொல்லு," என்றாள் அல்லியரசி.

வரிசையும் சுற்றிக்கொண்டுதான் போனது.