அம்மா ஏறிய மலை

கடைசி ஒரு வருடம் சிட்டுவின் அம்மாவால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவர் ஏறாத மலை இல்லை, தாண்டாத ஆறு இல்லை. எல்லாம் டிவி திரையில்தான்.

அப்பா வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் அது. பெயர் 'வெண்கோட்டை'. ஒரு வீராங்கனை முதல் ஊரிலிருந்து வெறும் குச்சியும் கிழிந்த பையுமாகக் கிளம்புவாள்; வாளெல்லாம் போகப்போகத்தான் கிடைக்கும். கண்ணுக்கு எது தெரிந்தாலும் அங்கே போய்விடலாம். மழை வந்தால் புல் சாயும். பொழுது இறங்கினால் மலையெல்லாம் சிவக்கும். அம்மாவுக்குச் சண்டை பிடிக்காது. வீராங்கனையை ஒரு குன்றின் உச்சியில் நிறுத்திவிட்டு, சும்மா வேடிக்கை பார்ப்பார்.

"இங்க காத்து நல்லா வருதுடி" என்பார். ஜன்னல் சாத்தியிருக்கும்.

விளையாட்டில் எரிச்சல் மூட்டுகிற விஷயங்களும் இருந்தன. ஊர்த்தலைவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் வாயை மூட ஒரு பொத்தானும் கிடையாது. குதிரை சுவரில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடும். "உங்கப்பா மாதிரியே, வழி கேக்கவே மாட்டேங்குது" என்று அம்மா சிரிப்பார். எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. அதில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். புதிதாகத் தொடங்கினால் பழையது அழிந்துவிடும்.

அம்மா இறந்த பிறகு சிட்டு அதைத் தொடவே இல்லை. அம்மாவின் வீராங்கனை வெண்கோட்டையின் வாசல்வரை வந்து நின்றிருந்தாள். அவள் அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முன்பெல்லாம் எங்கே லிஃப்ட் நின்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். சாயங்காலம் வீட்டில் இருந்ததே அபூர்வம். இப்போது வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு சீக்கிரம் வந்துவிடுகிறார். ஆனால் வந்து என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டியா என்று அவர் கேட்பார். சாப்பிட்டேன் என்று இவள் சொல்வாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு விடுமுறை நாளில் சிட்டு தோழியின் வீட்டிலிருந்து திரும்பினாள். கதவைத் திறக்கும்போதே வெண்கோட்டையின் இசை கேட்டது. ஒரு கணம் அம்மாதான் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டாள்.

உள்ளே அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ட்ரோலரை ஸ்பேனர் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். திரையில் ஒரு பெரிய பச்சைத் தவளை. அதன் எதிரே, கையில் வெறும் குச்சியோடு வீராங்கனை.

"வாம்மா. இந்தத் தவளை மத்தியானத்துல இருந்து என்னைப் போட்டு அடிக்குது" என்றார் அப்பா.

குச்சி. கிழிந்த பை. முதல் ஊர். சிட்டுவுக்குப் புரிந்துவிட்டது. ஆரம்பிக்கும்போது திரையில் ஏதாவது கேள்வி வந்ததா என்று மெதுவாகக் கேட்டாள். ஏதோ வந்தது, படிக்காமலே அழுத்திவிட்டேன் என்றார் அப்பா.

அவள் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு வருடம் நடந்த நடை ஒரே ஒரு பொத்தானில் போய்விட்டது. அம்மா இன்னொரு தடவை போய்விட்டது போல இருந்தது. அப்பாவைப் பார்த்துக் கத்த வேண்டும் போலவும் இருந்தது.

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"அம்மா ஃபோன் பண்ணுவா" என்றது அப்பாவின் குரல். "இன்னைக்கு மலை ஏறினோம், ஆத்துல விழுந்தோம்னு சொல்லுவா. நான் லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கிட்டு சரி சரின்னு வெச்சிடுவேன். அந்த மலை எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சும்மா."

சிட்டு குழாயை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தாள். மறைக்கவும் மனம் வரவில்லை, கத்தவும் மனம் வரவில்லை. "அதுல ஒரு ஆட்டம்தாம்ப்பா வைக்க முடியும். அம்மாவோடது அழிஞ்சு போச்சு" என்றாள்.

அப்பா சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கேயாவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்காதா, கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். இல்லை என்று சிட்டு தலையாட்டினாள். பழுதான எதையும் சரிசெய்துவிடுகிற தன் கைகளை அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிட்டுவுக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மலை அழியலப்பா. அது அங்கேயேதான் இருக்கு. வழி எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா அந்தத் தவளையோட சண்டையே போடல. கிணத்துக்குப் பின்னாடி வேலி உடைஞ்சிருக்கும். அப்படியே போயிட்டாங்க."

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். அப்பா விளையாடினார், சிட்டு வழி சொன்னாள். அம்மா மழைக்கு ஒதுங்கிய மரத்தைக் காட்டினாள். ஊர்த்தலைவர் பேசும்போது அம்மா குறட்டை விடுவது போல நடிப்பதைச் செய்து காட்டினாள். ஆற்றில் விழுந்ததைச் சொன்னாள். அப்பாவும் சரியாக அதே இடத்தில் விழுந்தார். பல மாதங்களாகப் பேசாததையெல்லாம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

மலை உச்சிக்கு வந்தபோது விளையாட்டில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழே ஆறு செம்பு நிறத்தில் வளைந்து போனது.

"இங்க வந்து அம்மா என்ன பண்ணுவா?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பாத்துக்கிட்டே இருப்பாங்க."

அப்பாவும் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். இந்த விளையாட்டை நடுவில் நிறுத்திவைக்கவும் முடியாது. புதருக்குள்ளிருந்து ஓர் ஓநாய் வந்தது. அசையாமல் நின்ற வீராங்கனையைச் சாவகாசமாகக் கடித்தது. இரண்டு பேரும் அதைத் தடுக்கவில்லை.

வழியில் ஆட்டத்தைச் சேமிக்க இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. திரை இருண்டு, மறுபடியும் முதல் ஊர் வந்தது. தவளை காத்திருந்தது.

அப்பா சட்டைக்கையில் முகத்தைத் துடைத்தார். கண்ட்ரோலரை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"இந்தத் தடவ நீ முன்னால போ. நான் உன்கூடவே வரேன்" என்றார்.