உள்பக்கம் பூட்டிய கார்

எம். புதுப்பட்டி விலக்கில் திரும்பிக் கருவேலங்காட்டுப் பாதையில் மணிகண்டராஜ் காரை ஓட்டி வந்தபோது மணி நாலு. ஏழு மாதத்துக்குப் பிறகு அவருடைய பட்டாசுக் கம்பெனியைத் திறக்க உத்தரவு வந்திருந்தது. மறுநாள் பூஜை. வெடித்துப் போன ஆறாம் நம்பர் அறை இருந்த இடத்தில் கருகிய தரை மட்டும் கிடந்தது. பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்து வந்திருந்தார்.

ஒன்றும் தோன்றவில்லை. அந்த விபத்திலிருந்தே அவருக்கு அப்படித்தான். சோற்றில் உப்பில்லை என்பதுகூட மற்றவர்கள் சொன்னால்தான் தெரிந்தது.

சாவியையும் போனையும் உள்ளேயே விட்டு இறங்கினார். நாலடி நடந்திருப்பார்.

பின்னால் 'டக்'கென்றது.

நாலு கதவையும் இழுத்துப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. இருக்கையில் கிடந்த போன் அடித்தது. மனைவி யோகேஸ்வரியின் பெயர் திரையில் தெரிந்தது. இரண்டாவது மணியில் யாரோ துண்டித்தது போல நின்றது.

காவல் கொட்டகையிலிருந்து வாட்ச்மேன் ஊர்க்காவலன் வந்தார். ஆறாம் நம்பர் அறையில் செத்துப்போன மாரித்தாயின் புருஷன். விபத்துக்குப் பிறகு கம்பெனி கொடுத்த வேலை இது.

"சாவி உள்ள மாட்டிக்கிடுச்சா மொதலாளி?"

"ஆமா. இன்னொண்ணு வீட்டுல இருக்கு. கண்ணாடிய ஒடச்சிரலாமா?"

"எதுக்கு ஒடைக்கணும்? இருங்க, கம்பி எடுத்தாறேன்."

கதவின் மேல் விளிம்பில் மரத்துண்டைச் செருகி இடைவெளி உண்டாக்கினார். நுனியில் சுருக்குப் போட்ட கம்பியை உள்ளே விட்டு, பூட்டுக் குமிழை வளைத்துப் பிடித்துத் தூக்கினார். குமிழ் மேலே வந்தது.

உடனே கீழே இறங்கியது.

மறுபடியும் தூக்கினார். மறுபடியும் இறங்கியது. நிதானமாக, விரலை வைத்து அமுக்குவது போல.

காற்று அடங்கியிருந்தது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கந்தக வாடை வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மூன்று தட்டு. சற்று நிறுத்தி, மறுபடி மூன்று.

உள்ளேயிருந்து.

தட்டிய இடத்தில் ஒரு கை தெரிந்தது. வெள்ளிச் சாம்பல் நிறத்தில், ஐந்து விரலும் விரிந்த அச்சு. வெடிமருந்து கலக்கும் பெண்களின் கை சாயங்காலம் அந்த நிறத்தில்தான் இருக்கும்.

மணிகண்டராஜ் ஓடியிருக்க வேண்டும். கால் ஓடவில்லை, நெஞ்சும் அடித்துக்கொள்ளவில்லை. போலீஸிடம்கூடச் சொல்லாத ஒன்று மட்டும் வாயிலிருந்து தானாக வந்தது.

"அன்னைக்கு ஆறாம் நம்பரோட பக்கக் கதவ வெளிய பூட்டச் சொன்னது நாந்தான். சரக்கு வெளிய போகுதுன்னு நெனச்சேன்."

"தெரியும்," என்றார் ஊர்க்காவலன், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரு சொன்னா?"

"அவதான் சொல்லுதா. தெனமும்."

கம்பியை உருவிக் கீழே போட்டுவிட்டு, அவர் கண்ணாடியோரம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மாரித்தாயி. தொறந்து விடு ஆத்தா. அவுக வீட்டுக்குப் போகட்டும்."

குமிழ் மேலே எழும்பியது.

ஊர்க்காவலன் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க மொதலாளி. பொழுது எறங்குது." கொட்டகையைப் பார்த்து நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மணிகண்டராஜ் உட்கார்ந்தார். இருக்கை கொதித்தது. சாவியைத் திருப்பி, தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வண்டியை நகர்த்தினார்.

பீப், பீப் என்று வண்டி கத்தியது.

இடப்பக்க இருக்கையில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு காட்டியது. இருக்கை காலியாக இருந்தது. சத்தம் நிற்கவில்லை.

கொஞ்ச தூரம் அப்படியே போனார். பிறகு வண்டியை நிறுத்தி, எட்டி அந்த பெல்ட்டை இழுத்துக் குறுக்கே மாட்டினார்.

சத்தம் நின்றது.

பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஓர் ஆள் கனத்துக்கு முன்னால் விலகி நின்று, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.