பிசிறு இல்லாத குரல்

"ஐயோ... மாமா!"

மாடி அறை வாசலில் நின்று சவுண்ட் இன்ஜினியர் அலறினான்.

அவனுடைய அக்கா புருஷன், அந்த ஸ்டுடியோவின் முதலாளி, சின்தசைஸர் மேல் கவிழ்ந்து கிடந்தார். கழுத்தில் மைக் ஒயர். மூக்கு ஒரு கட்டையை அழுத்தியிருக்க, ஒரே சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது...

அவர் வாசித்ததிலேயே கேட்கும்படி இருந்தது அது ஒன்றுதான்!

யாரோ உயிரைக் கொடுத்துப் போட்ட பழைய பாட்டை மெஷின் தாளத்தில் முக்கி எடுப்பார். பாடத் தெரியாத பிரபலம் ஒருவரைக் 'கெஸ்ட்' என்று கூப்பிட்டுப் பாட வைப்பார். அதற்குப் பெயர் ஆல்பம்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் முதல் வேலையாக அந்தச் சுரத்தை நிறுத்தினார்.

"மூணு மணிக்குப் போன்ல பேசியிருக்கார். மூணரைக்குப் பொணம். காலையில உனக்கும் அவருக்கும் சண்டையாமே?"

"ஆமா சார். நல்ல பாட்டைக் கெடுக்காதீங்கன்னேன்."

"நியாயமான காரணம்தான்... ஆனா சட்டம் ஒத்துக்காதே! கையை நீட்டு."

"சார்... எங்கக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நான் செய்யல சார்!"

"அப்ப யாரு? கெஸ்ட்டா?"

இந்த ஆல்பத்தின் கெஸ்ட், கறுப்புக் கண்ணாடி போட்ட நடிகர், சோபாவில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"நான் கீழே ரிகர்சல்ல இருந்தேன். வேணும்னா இந்தம்மாவைக் கேளுங்க."

ரிசப்ஷன் அம்மாள் தலையாட்டினாள்.

"அரை மணி நேரமும் ஹால் ஸ்பீக்கர்ல கேட்டுது சார். ஒரு பிசிறு இல்ல. தேன்!"

இன்ஜினியரின் ஒரு கையில் விலங்கு ஏறிவிட்டது. சட்டென்று நிமிர்ந்தான்.

"பிசிறு... இல்லையா?"

"ஏன்ப்பா?"

"ரிகர்சல்ல கம்ப்யூட்டர் கிடையாது சார். மைக்ல பாடறது அப்படியே ஸ்பீக்கருக்கு வரும். இவர் குரல் அப்படியே வந்தா, இந்தம்மா ராஜினாமா பண்ணியிருப்பாங்க! ஒவ்வொரு எழுத்தா நான் சுருதி திருத்தின பாட்டை நேத்துதான் இவர் போனுக்கு அனுப்பினேன்."

நடிகரின் கால் கீழே இறங்கியது.

"சார், ரெண்டு வரி பாடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"தொண்டை..."

"பாடுங்க!"

பாடினார்.

கான்ஸ்டபிள் காதைப் பொத்திக்கொண்டார். "நான் கேட்டது இது இல்ல சார்!" என்றாள் ரிசப்ஷன் அம்மாள்.

"போதும்... போதும்!" என்றார் இன்ஸ்பெக்டர். "போனை மைக் முன்னால பாட விட்டுட்டு, பின்படி வழியா மாடிக்கு..."

"என் குரலைத் தூக்கிட்டு வேற கெஸ்ட்டைப் போடறேன்னான் சார்!" நடிகர் வெடித்தார். "நான் பாடினது மிஷினுக்கே தாங்கலையாம்!"

விலங்கு கை மாறியது.

"திருத்தாததைப் போட்டிருந்தா இந்நேரம் வீட்ல இருந்திருப்பீங்களே சார்!" என்றான் இன்ஜினியர்.

"அதைப் போய் நாலு பேர் கேட்கிற மாதிரி... எனக்குன்னு ஒரு மானம் இல்லையா?"

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க. ஜெயில்ல மட்டும் பாடிடாதீங்க... உள்ள இருக்கறவங்களுக்குக் கோர்ட் குடுத்த தண்டனையே போதும்!"