திரைக்கு இடப்பக்கம்

நல்ல வெயில் நேரத்தில்தான் யமுனா, தன் கல்லூரியின் பழைய கூடத்துக்குள் போனாள். பயப்படாமல் கேளுங்கள், கண்ணுகளா.

கூடத்தை இடிக்கலாமா, வைத்திருக்கலாமா என்று பேராசிரியை யமுனா அறிக்கை தர வேண்டும். சினிமா என்றால் எல்லோரும் சென்னையைச் சொல்கிறார்கள், படம் பேசாத காலத்திலேயே திருச்சியில், இந்தக் கூடத்தில், படம் காட்டினார்கள் என்று காவலாளி பாக்கியநாதன் சாதித்துக்கொண்டிருந்தார். கூடத்தை ஒட்டிய அறையில்தான் அவர் குடியிருந்தார். அதற்காகக் கதை கட்டுகிறாரோ என்று யமுனாவுக்குச் சந்தேகம்.

அவர் எடுத்துக் கொடுத்த பழைய படச்சுருளை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஜன்னல்களின் கறுப்புத் துணிகளை இழுத்துவிட்டதும் பகல் வெளியே நின்றுவிட்டது. உள்ளே வௌவால் வாடை. திரைக்கு இடப்பக்கம் நாற்காலியைப் போட்டாள்.

"அங்க வேணாங்க மேடம். அது அவரு நிக்கிற எடம்" என்றார் பாக்கியநாதன்.

அந்தக் காலத்தில் ஊமைப்படத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கம்போடு நின்று கதை சொல்வாராம். காட்சி மாறினால் கம்பால் தரையில் ஒரு தட்டு. பலமுறை பார்த்த படம் என்பதால், நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவாராம்.

"அவருக்கு இப்பச் சம்பளம் யாருண்ணே குடுக்குறா?" என்று சிரித்தாள் யமுனா.

படம் ஓடியது. ஆற்றங்கரை. குடத்தோடு ஒரு பெண்.

டொக்.

"மகாஜனங்களே, இதோ இந்த ஸ்திரீ திரும்பிப் பார்க்கப்போகிறாள்."

திரையில் அவள் திரும்பினாள்.

குரல் யமுனாவின் காதோரம் கேட்டது. கூடவே வெற்றிலை வாசனை.

பதறி எழுந்து விளக்கைப் போட்டாள். பாக்கியநாதன் தூரத்தில், கதவருகே நின்றிருந்தார். வாயில் வெற்றிலை.

ஸ்பீக்கரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டாள். நாற்காலிகளைக் கவிழ்த்துத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அவர் கோபப்படவில்லை.

"இத இடிச்சிட்டா அவரு எங்கங்க போவாரு?" என்று மட்டும் கேட்டார்.

அங்கே படம் காட்டியதற்கு ஆதாரம் இல்லை, எல்லாம் காவலாளியின் தந்திரம், இடிக்கலாம் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். பாக்கியநாதன் சட்டிபானையோடு ஜீயபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

கூடத்தின் கடைசிச் சுவர் விழுந்த அன்று சாயங்காலம், யமுனா ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுப் பூட்டைத் திறந்தாள். தனியாக இருப்பவள். உள்ளே ஒரே இருட்டு. சுவிட்சைத் தடவினாள்.

வெற்றிலை வாசனை.

இருட்டுக்குள் பல பேர் இருமி அடங்கினார்கள்.

டொக்.

இடப்பக்கம்தான்.

"மகாஜனங்களே, இதோ இந்த ஸ்திரீ விளக்கைப் போடப்போகிறாள்."

விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது.

வீட்டுக்குள் யாருமில்லை. வாசலைப் பார்த்து ஓடத் திரும்பினாள்.

டொக்.