எழுந்து நின்றவள்

டிராமில் ஒரே ஓர் இடம்தான் காலி. அதற்குப் பக்கத்தில்... அவன்!

தூர்டிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே சாம்பல் நிறக் கண்கள். ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த போர் நாட்களில், இதே ஓஸ்லோ டிராமில், மடியில் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு, ஒரு ஜெர்மன் சிப்பாயோடு சிரித்துச் சிரித்துப் பேசியவன். அன்று இவன் பக்கத்திலிருந்து அவள் வெடுக்கென்று எழுந்து நின்றாள். எதிரியோடும் எதிரியின் ஆளோடும் ஒட்டி உட்காராமல் எழுந்துவிடுவதுதான் அப்போது ஊர் முழுக்க வழக்கம்.

இன்று மட்டும் உட்காருவாளா என்ன? சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

கண்டக்டர் சிரித்தார். "சீட்டு காலியா இருந்தா நிக்கக் கூடாதுன்னு ஜெர்மன்காரன் சட்டமே போட்டான். அவன்தான் போயாச்சே... ஆசை தீர நில்லும்மா!"

"உங்களுக்கு இன்னும் கோபம் தீரலையா?" என்றான் அவன்.

ஞாபகம் வைத்திருக்கிறானே! "துரோகிங்களோட எனக்கென்ன பேச்சு?"

"ஓட்டுப் போடத்தானே போறீங்க? நானும் அங்கேதான்."

"உங்களை உள்ளயே விடமாட்டாங்க. அதைப் பார்க்கத்தான் போறேன்!"

வாக்குச்சாவடி வாசலில் மழை... குடைகள்... திருவிழாக் கூட்டம். எத்தனை வருஷம் கழித்து நாடாளுமன்றத் தேர்தல்! எதிரிக்கு உடந்தையானவர்களுக்கு ஓட்டு கிடையாது. தூர்டிஸ் தன் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றாள். அவனைத் துரத்தட்டும் என்று வாய் முணுமுணுத்தது. துரத்திவிடக் கூடாதே என்று இந்தப் பாழும் மனசு ஏன் அடித்துக்கொள்கிறது?

மேஜையிலிருந்த கடுகடுப்பான அதிகாரியம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். சட்டென்று எழுந்து நின்றார்.

"சிவெர்ட்! ஜெர்மன்காரன் வீட்டுக்கு வீடு ரேடியோவைப் பிடுங்கிட்டுப் போன காலத்துல, நீ ஒளிச்சுக் கொண்டுவந்த ரேடியோலதானேப்பா எங்க தெருவே லண்டன் செய்தி கேட்டுச்சு!"

பக்கத்து மேஜைக்காரர் எழுந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அந்தக் கூடமே அவனுக்காக எழுந்து நின்று கைதட்டியது. தூர்டிஸின் கண்கள் குளமாயின.

வெளியே வந்தவனை மழையிலேயே மறித்தாள். "அப்போ... அன்னைக்கு டிராம்ல உங்க பையில?"

"ரேடியோதான். சந்தேகம் வராம இருக்கத்தான் அந்தச் சிப்பாயோட சிரிச்சுப் பேசினேன். அடுத்த நிறுத்தத்துல சோதனை போட ஏறினாங்க. நீங்க அவமானப்படுத்தினதைப் பார்த்து அந்தச் சிப்பாய்க்கு என்மேல ஒரே பரிதாபம். 'இவன் நம்ம ஆளு, விடுங்க'ன்னு சொல்லிட்டான். உங்க கோபம்தாங்க என் உயிரைக் காப்பாத்துச்சு."

"அதைக் காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா உட்கார்ந்திருப்பீங்க. நீங்க கோபமா நிக்கிறதை இன்னொரு தடவை பார்க்கணும்னு இருந்துச்சு... அன்னைக்கு அதுலதானே நான் விழுந்தேன்!"

அவள் முகம் தொப்பியை விடச் சிவந்தது. "என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள்... அதற்குள் டிராம் வந்துவிட்டது.

வண்டி நிறைய இடம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தயக்கத்தோடு அவளைப் பார்த்தான். அவள் நேராகப் போய் அவன் தோள் உரச உட்கார்ந்தாள்.

காலையில் பார்த்த அதே கண்டக்டர். "என்னம்மா, இப்போ நிக்கலையா?"

தூர்டிஸ் சிவெர்ட்டின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க... இனிமே இவர் பக்கத்துலேர்ந்து ஆயுசுக்கும் எழுந்திருக்கிறதா இல்லை!"